‘கே’ எங்கே போனது?

செமஸ்டர் விடுமுறைக்குக் காப்பாருக்குத் திரும்பிய மறுநாள் காலை, பசியாறிவிட்டுச் சித்தப்பாவின் அலுவலகத்துக்குப் போனேன். உள்ளே யாரும் யாரோடும் பேசவில்லை. தொலைபேசி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

சித்தப்பா ஆறு லோரிகளை வைத்துத் தொழில் செய்கிறார். காலிக் கொள்கலனைக் கிடங்கிலிருந்து எடுத்து, மேரு, காப்பார் வட்டாரத் தொழிற்சாலைகளில் சரக்கேற்றி, கிள்ளான் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. முதல் நாள் ஒரு கொள்கலன் துறைமுக வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. பாரத்தில் எழுதியிருந்த எண் ஒன்று. கொள்கலனின் கதவில் இருந்த எண் வேறொன்று. பாரத்தைத் திருத்தி, மறுபடியும் வரிசையில் நின்று உள்ளே போவதற்குள் கப்பலுக்கான நேரம் முடிந்துவிட்டது. சரக்கு அடுத்த கப்பலுக்குத் தள்ளிப்போனது. கூடுதல் செலவு முழுவதும் சித்தப்பாவின் தலையில் விழுந்தது.

இரண்டு எண்களுக்கும் ஒரே ஓர் எழுத்துதான் வேறுபாடு. கதவில் இருந்தது ‘கே’. பாரத்தில் இருந்தது ‘ஏ’.

கிடங்கிலிருந்து அந்த எண்ணைத் தொலைபேசியில் படித்துச் சொன்னவர் மூத்த ஓட்டுநர் ஒருவர். எங்களுக்கு உறவில்லை. ஆனாலும் சிறு வயது முதல் ‘மாமா’ என்றே அழைத்துப் பழகிவிட்டேன். வயது அறுபதை நெருங்குகிறது. அண்மையில்தான் பல் செட் மாட்டியிருந்தார்.

“நான் கேன்னுதான் சொன்னேன்,” என்றார் மாமா.

“எனக்கு ஏன்னுதான் கேட்டுச்சு. எக்செல்லும் பச்சை காட்டிச்சே,” என்றார் அலுவலக அக்கா.

சித்தப்பா கோபக்காரர் அல்லர். ஆனால் அன்று, “பல் செட் போட்டதிலிருந்து உங்க பேச்சு கொஞ்சம் குழறுது. துறைமுக ஓட்டத்தை இனிமே சின்னப் பையன்களுக்குக் கொடுத்துடலாம்னு பார்க்குறேன்,” என்று சொல்லிவிட்டார். துறைமுக ஓட்டத்துக்குத்தான் நடைக்காசு அதிகம். மாமா பதில் பேசாமல் வெளியே போய் லோரியின் சக்கரத்தைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டார்.

எனக்கு வேறொரு சங்கடம். அக்கா சொன்ன அந்த எக்செல் கோப்பை எழுதியவளே நான்தான்.

எஸ்.பி.எம். தேர்வு முடிந்து சும்மா இருந்த மாதங்களில் அதைச் செய்து கொடுத்தேன். கொள்கலன் எண்ணில் நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் இருக்கும். கடைசி இலக்கம் ஒரு சோதனை இலக்கம். ஐஎஸ்ஓ 6346 என்ற பன்னாட்டுத் தர விதியின்படி ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. முதல் இடத்தில் உள்ள மதிப்பை 1ஆல், அடுத்ததை 2ஆல், அதற்கடுத்ததை 4ஆல் என்று இருமடங்காகப் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் சோதனை இலக்கம். மீதி 10 வந்தால் 0 என்று எழுதுவார்கள். யாராவது ஓர் எழுத்தைத் தவறாகக் கேட்டாலோ தட்டினாலோ இந்தக் கணக்கு ஒத்துவராது, கட்டம் சிவப்பாகும். அந்தக் கோப்பைப் பற்றி எனக்கு நிறையவே பெருமை இருந்தது.

அன்று இரவு விதியை மறுபடியும் எடுத்துப் படித்தேன். ஏ-யின் மதிப்பு 10. கே-யின் மதிப்பு 21. வேறுபாடு சரியாக 11. பதினொன்றால் வகுத்து மீதி பார்க்கும் கணக்கில் 11 கூடினாலும் குறைந்தாலும் ஒன்றுதான். ஆக, கே-க்குப் பதில் ஏ எழுதினால் என் கோப்பு கண்ணை மூடிக்கொண்டு பச்சை காட்டும். இருபத்தாறு எழுத்துகளில் காதுக்கு மிக நெருக்கமாக ஒலிக்கும் ஜோடிகளில் ஒன்று, கணக்குக்கும் ஒன்றாகவே தெரிந்திருக்கிறது. மாமாவுக்கு எதிரான முக்கிய சாட்சி என் கோப்பு. அது சொன்னது பொய்.

சரி, கோப்பு தவறாக ஆமோதித்தது. ஆனால் ‘கே’ எப்படி ‘ஏ’யாக மாறியது? அது மாமாவின் வாயில் மாறியதா, அக்காவின் காதில் மாறியதா, நடுவில் மாறியதா?

வழி காட்டியவர் மாமாதான். மறுநாள் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருக்கும்போது சொன்னார்: “பல்லு போனா எல்லார்கிட்டயும்தானே பாப்பா குழறணும்? மத்த டிரைவருங்ககிட்ட நான் கைப்பேசியில பேசுறேன். ஒருத்தன்கூட மறுபடி சொல்லுன்னு கேக்குறதில்ல. ஆபீசுக்கு அடிச்சா மட்டும் நான் கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்காம்.”

வாய் ஒன்று; கைப்பேசியும் ஒன்று. குரல் போகும் பாதை மட்டும் வேறு. நான் படிப்பது மின்னணுப் பொறியியல், இரண்டாம் ஆண்டு. தொலைத்தொடர்புப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். அப்படியிருந்தும் இந்தக் கேள்வியை மாமா கேட்டார்; நான் கேட்கவில்லை.

அந்தப் பாதையைத் தாளில் வரைந்து பார்த்தேன்.

நாம் பேசும் குரல் அப்படியே கம்பியில் ஓடுவதில்லை. அது எண்களாக மாற்றப்பட்டு, சுருக்கப்பட்டு அனுப்பப்படுகிறது. மறுமுனையில் விரிக்கப்பட்டு ஒலியாகிறது. இந்த மாற்றும் முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். தொலைபேசி உலகத்தின் மூத்த கோடெக் 1972இல் வந்த ஜி.711. விநாடிக்கு 8,000 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளில் எழுதும். விநாடிக்கு 64 கிலோபிட். அளக்கும் வேகத்தில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்ணைப் பதிவு செய்ய முடியாது என்பது விதி. அந்த 4,000 ஹெர்ட்ஸிலும் பாதுகாப்புக்குக் கொஞ்சம் விட்டுவிட்டு, 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் தொலைபேசி எடுத்துக்கொள்கிறது. ‘எஸ்’, ‘எஃப்’ இரண்டையும் பிரித்துக் காட்டும் காற்றொலியின் பெரும்பகுதி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அதனால்தான் தொலைபேசியில் பெயரைச் சொல்லும்போது, “எஸ், சிங்கப்பூர் எஸ்” என்று நீட்ட வேண்டியிருக்கிறது.

கைப்பேசிகள் அந்த 64 கிலோபிட்டை வானலையில் அனுப்புவதில்லை. ஏஎம்ஆர் என்ற கோடெக்கால் 12.2 கிலோபிட் அல்லது அதற்கும் கீழாகச் சுருக்கிவிடும். புதிய கைப்பேசிகள் 4ஜி வழியாகப் பேசும்போது ஏஎம்ஆரின் அகலமான வடிவம் பயன்படுகிறது. அது 7,000 ஹெர்ட்ஸ் வரை கொண்டுபோகும். நம் நாட்டில் 2021 இறுதியோடு 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. 4ஜியில் பேசும் வசதி இல்லாத பழைய கைப்பேசிகள் அழைப்புக்கு 2ஜியைத்தான் நம்ப வேண்டும். மாமாவும் மற்ற ஓட்டுநர்களும் ஒரே நிறுவனத்தின் 4ஜி வாடிக்கையாளர்கள். அவர்களுக்குள் பேசும்போது குரல் முழு அகலத்தோடு போகிறது. சித்தப்பாவின் 03 எண்ணுக்கு அடித்தவுடன் கதை மாறுகிறது.

அலுவலகத் தொலைபேசி இணையம் வழி இயங்குவது. பல ஆண்டுகளுக்கு முன், இணையம் செப்புக் கம்பியில் தவழ்ந்து வந்த காலத்தில் ஒருவர் வந்து பொருத்திவிட்டுப் போன ஒரு பெட்டி சுவரில் தொங்குகிறது. அந்தக் காலத்து மெதுவான இணையத்துக்கு ஏற்றவாறு, வெளி அழைப்புகள் அனைத்தும் ஜி.729 என்ற கோடெக்கில் வரும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. மேசைத் தொலைபேசிகளுக்கோ ஜி.711 மட்டும்தான் தெரியும். ஆகவே மாமாவின் குரல் பயணம் செய்த விதம் இது: கைப்பேசியில் ஏஎம்ஆர், கைப்பேசி நிறுவனத்தின் நுழைவாயிலில் ஜி.711, இணையத் தொலைபேசிச் சேவையில் ஜி.729, எங்கள் சுவர்ப்பெட்டியில் மறுபடியும் ஜி.711. ஒரு வாக்கியம், மூன்று மொழிபெயர்ப்பாளர்கள். அவர்களில் இருவர் சுருக்கிச் சொல்லும் பழக்கமுள்ளவர்கள்.

‘சுருக்கி’ என்று சொன்னேன். உண்மையில் ஜி.729 செய்வது அதைவிட விசித்திரமானது. அது ஒலியையே அனுப்புவதில்லை. ஒவ்வொரு 10 மில்லி விநாடிக்கும், ‘தொண்டையும் வாயும் இந்த வடிவில் இருக்கின்றன, குரல் இந்தச் சுருதியில் இருக்கிறது, பட்டியலில் இத்தனையாவது துடிப்பை எடுத்துப் போடு’ என்று 80 பிட்டுகளில் ஒரு குறிப்பு எழுதி அனுப்புகிறது. ஜி.711 அதே நேரத்துக்கு 640 பிட்டுகள் செலவழிக்கும். மறுமுனை அந்தக் குறிப்பை வைத்து ஒரு குரலைச் செய்துகொள்கிறது. இந்த வகைக் கோடெக்குகளின் அடிப்படை முறையை 1985இல் வெளியிட்டவர்கள் மான்ஃபிரெட் ஷ்ரோடரும் பிஷ்ணு அத்தலும். அத்தல் கான்பூரில் பிறந்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பயின்று, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். அவர்கள் முதலில் செய்து பார்த்தபோது, ஒரு விநாடிப் பேச்சைக் குறியாக்க அன்றைய கிரே-1 மீக்கணினிக்கு இரண்டு நிமிடத்துக்கும் மேல் பிடித்தது. இன்று அதே வகை வேலையை நம் சட்டைப் பையில் கிடக்கும் கைப்பேசி உடனுக்குடன் செய்கிறது.

மனிதத் தொண்டைக்காகச் செய்யப்பட்டது என்பதால் வேறு எதுவும் அதற்குச் சரிவராது. வாடிக்கையாளரைக் காத்திருக்க வைக்கும்போது சித்தப்பாவின் தொலைபேசியில் நாதஸ்வரம் ஒலிக்கும். ஜி.729 வழியாக அதைக் கேட்டால், யாரோ வாத்தை மிதித்துவிட்டதுபோல் இருக்கும். இத்தனை வருடமாக யாரும் அவரிடம் சொல்லவில்லை!

இனி ‘கே’க்கு வருவோம். ‘கே’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதலில் ஒரு சிறு வெடிப்பு, பிறகு ‘ஏ’. அந்த வெடிப்பு சில பத்து மில்லி விநாடிகளில் முடிந்துவிடும். இணையத்தில் குரல் போகும் ஒரு பொட்டலத்தில் வழக்கமாக 20 மில்லி விநாடிப் பேச்சு இருக்கிறது. கொள்கலன்கள் மலைபோல் அடுக்கிய கிடங்கில் கைப்பேசி அலை அடிபடும். அலுவலகத்தில் கண்காணிப்புக் கேமரா படங்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போது இணையம் திணறும். எங்கேயாவது ஓரிரு பொட்டலங்கள் தொலைந்தால், கோடெக் அந்த ஓட்டையை அதற்கு முன் இருந்த ஒலியை நீட்டி நிரப்பும். வெடிப்பு இருந்த பொட்டலமே தொலைந்துபோனால் மிஞ்சுவது ‘ஏ’ மட்டும். அதுவும் அரைகுறையாக இல்லாமல், சந்தேகம் வராத அளவுக்குச் சுத்தமான ‘ஏ’. அக்கா பொய் சொல்லவில்லை.

பொட்டலம் தொலையாவிட்டாலும் இழப்பு உண்டு. ஐடியு எனப்படும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்குமுறை ஒன்று குரல் தரத்தை 93.2இலிருந்து தொடங்கிக் கழித்துக்கொண்டே போகும். ஜி.711க்குக் கழிவு 0. கைப்பேசியின் 12.2 கிலோபிட் கோடெக்குக்கு 5. ஜி.729க்கு 10. அடுத்தடுத்து வரும் கோடெக்குகளின் கழிவுகளைக் கூட்ட வேண்டும். ஆக 15 போய் 78.2. எண்பதுக்கு மேல் இருந்தால் பயனர்கள் திருப்தி அடைவார்கள். எழுபதுகளில் இருந்தால் சிலர் அதிருப்தி அடைவார்கள் என்று அந்த முறை வகுத்திருக்கிறது. தாமதத்துக்கும் பொட்டல இழப்புக்கும் கழிவு தனி. எங்கள் அலுவலகத்தில் அந்தச் ‘சிலர்’ அக்கா ஒருவர்தான்.

இந்தச் சிக்கனத்தால் மிச்சமாவது எவ்வளவு என்றும் கணக்கிட்டேன். 20 மில்லி விநாடிக்கு ஜி.729 அனுப்பும் குரல் 20 பைட். அதைச் சுமந்து செல்லும் முகவரித் தலைப்புகள் 40 பைட். கடிதத்தைவிட உறை இருமடங்கு கனம். எல்லாம் சேர்த்து விநாடிக்கு 24 கிலோபிட், ஜி.711 என்றால் 80. மிச்சம் 56 கிலோபிட். செப்புக் கம்பிக் காலத்தில் அது பெரிய காசு. இப்போது அலுவலகத்துக்கு ஒளியிழை வந்துவிட்டது. அந்த 56 கிலோபிட் யாருக்கும் தேவையில்லாத மிச்சம். பெட்டியைப் பொருத்தியவரைக் குறை சொல்ல முடியாது. அவர் அன்றைய நிலைமைக்குச் சரியாகத்தான் செய்தார். பிறகு யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சித்தப்பாவிடம் தாளைக் காட்டினேன். “கதவைப் படம் பிடிச்சு வாட்ஸ்அப்புல அனுப்பச் சொன்னா முடிஞ்சு போச்சு,” என்றார். உண்மை. அந்த விதி அன்றே நடைமுறைக்கு வந்தது. எண் பிரச்சினைக்கு அதுவே போதும். அதில் எனக்குக் கர்வம் இல்லை. ஆனால் மாமாவின் பேச்சு குழறுகிறது என்ற தீர்ப்பு அப்படியே இருந்தது. “ஒரு வாரம் கொடுங்க சித்தப்பா,” என்று கேட்டேன். பழைய மேசைக் கணினி ஒன்றையும் 200 வெள்ளியையும் கொடுத்தார்.

நான் பயன்படுத்திய மென்பொருள் ஆஸ்டெரிஸ்க். 1999இல் அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழக மாணவர் மார்க் ஸ்பென்சர் ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார். அலுவலகத் தொலைபேசி இணைப்பகம் வாங்க அவரிடம் பணம் இல்லை. சாதாரணக் கணினியிலேயே ஓடும் இணைப்பகத்தைத் தாமே எழுதிவிட்டார். அதுதான் ஆஸ்டெரிஸ்க். திறந்த மூல மென்பொருள், இலவசம். நட்சத்திரக் குறிதான் அதன் பெயர்.

முதலில் என்னிடமிருந்த ராஸ்பெரி பையில் நிறுவினேன். இரண்டு நாள் வீண். ஓட்டுநர்களின் கைப்பேசிக்கு நான் தேர்ந்தெடுத்திருந்த ஓப்பஸ் கோடெக்கின் ஆயத்தத் தொகுதி இன்டெல் வகைச் செயலிகளுக்கு மட்டும் தொகுக்கப்பட்டிருந்தது. பையின் செயலி வேறு வகை. இதை முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார்கள். படிக்காமல் தொடங்கியது என் தவறு. பிறகுதான் சித்தப்பாவின் தூசி படிந்த கணினிக்கு மாறினேன்.

ஓப்பஸை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல வேண்டும். 2012இல் இணையத் தரமாக வெளியானது. உரிமக் கட்டணம் இல்லை. விநாடிக்கு 6 முதல் 510 கிலோபிட் வரை இடத்துக்கு ஏற்றபடி சுருங்கும், விரியும். நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் பதிவின் கோப்புப் பெயர் ‘ஓப்பஸ்’ என்று முடிவதைப் பார்த்திருப்பீர்கள். என் தேவைக்கு முக்கியமானது வேறொன்று: ஒவ்வொரு பொட்டலத்திலும் அதற்கு முந்தைய பொட்டலத்தின் சுருக்கமான நகல் ஒன்றையும் சேர்த்து அனுப்ப அதனால் முடியும். ‘க்’ இருந்த பொட்டலம் தொலைந்தாலும் அடுத்ததில் அதன் நகல் வரும்.

ஆஸ்டெரிஸ்க்கின் அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு முனைக்கும் சில வரிகள். முதல் வரி எல்லாக் கோடெக்கையும் மறுக்கும். அடுத்த வரிகள் நான் விரும்பும் வரிசையில் ஒவ்வொன்றாக அனுமதிக்கும். ஓட்டுநர்களின் செயலிக்கு ஓப்பஸ். மேசைத் தொலைபேசிக்கு ஜி.711இன் ஏ-லா வடிவம். மலேசியாவில் அதுதான் வழக்கம், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மியூ-லா. வெளி இணைப்புக்கும் ஏ-லா. சேவை நிறுவனத்துக்கு அழைத்து, ‘ஜி.729 வேண்டாம், ஏ-லா தாருங்கள்’ என்று கேட்டதும் பத்தே நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தார்கள். கூடுதல் கட்டணம் இல்லை. இத்தனை வருடம் கேட்காததுதான் குறை.

முதல் அழைப்பு. மாமாவின் கைப்பேசி மணி அடித்தது, எடுத்தார். அக்கா பேசுவது அவருக்குக் கேட்டது. அவர் பேசுவது இங்கே கேட்கவில்லை. ஒருவழிப் பேச்சு. இணையத் தொலைபேசி அமைக்கும் எல்லாரும் சந்திக்கும் சடங்கு இது என்று பிறகு தெரிந்துகொண்டேன். மணி அடிப்பதற்கும் இணைப்பதற்கும் ஒரு வழி. குரல் போவதற்கு வேறொரு வழி. என் கணினி, ‘குரலை இந்த முகவரிக்கு அனுப்பு’ என்று அலுவலகத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் உள் முகவரியைக் கொடுத்திருந்தது. தாமானுக்குள் இருப்பவரிடம் ‘பின்வீட்டுக்கு வா’ என்று சொல்லலாம். கோலாலம்பூரில் இருப்பவரிடம் சொன்னால் எங்கே போவார்? வெளி முகவரியை ஒரு வரியில் எழுதியதும் குரல் வந்தது.

அதே நாள் இரவு பதிவேட்டைத் திறந்தபோது வயிறு கலங்கியது. எங்கிருந்தோ முன்பின் அறியாத கணினிகள் 100, 101, 1000 என்று உள் எண்களை ஊகித்து, கடவுச்சொல்லை மாற்றி மாற்றி முயன்றுகொண்டிருந்தன. ஒன்று அகப்பட்டால் நம் கணக்கில் வெளிநாட்டுக்கு மணிக்கணக்கில் அழைப்பார்கள். கட்டணச் சீட்டு சித்தப்பாவுக்கு வரும். உடனே வெளிக்கதவை மூடிவிட்டு, ஓட்டுநர்களின் கைப்பேசிகள் வயர்கார்ட் என்ற மறையாக்கக் குழாய் வழியாக மட்டுமே உள்ளே வரும்படி செய்தேன். வீட்டில் இதைச் செய்து பார்க்க விரும்பும் தம்பி தங்கைகள் கோடெக்கைப் பிறகு பார்க்கலாம். இதை முதலில் செய்யுங்கள்.

இப்போது குரல் கைப்பேசி நிறுவனத்தின் நுழைவாயிலைத் தொடாமல், ஓப்பஸாகவே என் கணினிக்கு வந்தது. நான் அதை ஏ-லாவாக மாற்றி மேசைத் தொலைபேசிக்குக் கொடுத்தேன். மூன்று மொழிபெயர்ப்பு ஒன்றாகிவிட்டது. வெற்றி என்று நினைத்து அக்காவைக் கேட்டேன். “பரவாயில்ல. ஆனா அதே கிணறுதான்,” என்றார்.

ஆஸ்டெரிஸ்க்கில் ஒரு கட்டளை உண்டு. எந்தக் கோடெக்கிலிருந்து எந்தக் கோடெக்குக்கு மாற்ற எவ்வளவு சிரமம் என்று பெரிய அட்டவணையாகக் காட்டும். அதை நெடுநேரம் வெறித்துக்கொண்டிருந்தேன். கணினிக்கு ஆகும் சிரமம் அதில் இருந்தது. குரலுக்கு ஆகும் இழப்பு இல்லை. அகலமான ஓப்பஸ் குரலை நான் எவ்வளவு கவனமாக மாற்றினாலும் மேசைத் தொலைபேசியின் 3,400 ஹெர்ட்ஸ் வாசலில் மேற்பகுதி வெட்டுப்படும். வெட்டுப்பட்டதை அப்புறம் எந்த நுழைவாயிலாலும் ஒட்ட முடியாது. ஒரு வாரமாக நல்ல மொழிபெயர்ப்பாளரைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். தேவைப்பட்டது மொழிபெயர்ப்பே இல்லாத பேச்சு.

சித்தப்பா கொடுத்த 200 வெள்ளியில் அக்காவுக்கு ஒரு காதணிக் கருவி வாங்கினேன். அவருடைய கணினியிலும் அதே செயலியை நிறுவி, ஓப்பஸ் பேச வைத்தேன். இரு முனைகளும் அழைப்பின் தொடக்கத்தில் தங்களுக்குத் தெரிந்த கோடெக்குகளின் பட்டியலைப் பரிமாறிக்கொள்ளும். இரண்டு பட்டியலிலும் முதலில் ஓப்பஸ் இருந்ததால் நடுவிலுள்ள என் கணினி எதையும் மாற்றாமல் பொட்டலங்களை அப்படியே கடத்தியது. மாற்றும் கணினியை அமைக்கப் போய், அது மாற்றாமல் இருப்பதற்காகப் பாடுபட்டது வேடிக்கைதான். வெளி வாடிக்கையாளர் 03 எண்ணுக்கு அழைக்கும்போதும், அதை ஓட்டுநருக்கு மாற்றிவிடும்போதும் மட்டும் அது மொழிபெயர்க்கிறது.

சோதனை வைத்தோம். ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போட்ட தாள் ஒன்றை மாமாவிடம் கொடுத்தேன். அவர் கிடங்குக்குப் பக்கத்தில் லோரியை நிறுத்திவிட்டு, முதலில் வழக்கமான கைப்பேசி அழைப்பில் பழைய சுவர்ப்பெட்டி வழியாகப் படித்தார். இதற்காகவே பெட்டியைப் பழைய அமைப்பில் சிறிது நேரம் ஓடவிட்டிருந்தேன். பிறகு வேறொரு தாளைப் புதிய வழியில் படித்தார். அக்கா எழுதினார், சித்தப்பா திருத்தினார். பழைய வழியில் ‘கே’ இரண்டு முறை ‘ஏ’ ஆகியிருந்தது. ஓர் ‘எஸ்’, ‘எஃப்’ ஆகியிருந்தது. ‘எம்’, ‘என்’ குழப்பமும் இருந்தது. புதிய வழியில் ஒரே ஒரு ‘எம்’ மட்டும் தவறு.

சித்தப்பா இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அக்காவின் காதணிக் கருவியை வாங்கி மாட்டிக்கொண்டு, “கேக்குதாண்ணே?” என்றார். அந்தப் பக்கம் மாமா என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. சித்தப்பா நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “நாளைக்கு நார்த்போர்ட் ஓட்டம் ஒண்ணு இருக்கு, நீங்களே எடுத்துக்குங்க,” என்று மட்டும் சொல்லி அழைப்பை முடித்தார்.

விடுமுறை முடியும் முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. எக்செல் கோப்பு. எந்தெந்த எழுத்துகளின் மதிப்புகள் பதினொன்றாலோ இருபத்திரண்டாலோ வேறுபடுகின்றன என்று முழுப் பட்டியலையும் எழுதி, அவற்றில் காதுக்கும் ஒன்றுபோல் ஒலிப்பவை எவை என்று அக்காவோடு உட்கார்ந்து சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். ஏ-யும் கே-யும் தவிர இன்னொரு ஜோடி அகப்பட்டது. ‘பால்’ என்பதற்கு வரும் பி-யின் மதிப்பு 12. ‘வேன்’ என்பதற்கு வரும் வி-யின் மதிப்பு 34. இப்போது இந்த நான்கு எழுத்துகளில் ஏதாவது எண்ணில் வந்தால், கணக்கு சரியாக இருந்தாலும் கட்டம் பச்சையாகாது, மஞ்சளாகும். மஞ்சள் வந்தால் அக்கா திருப்பிக் கேட்பார்.